பாயசக் கிண்ணத்துச் சிவப்பெறும்புகள்

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டயர் கடை மாடியில், துப்பறிவாளர் ஞானசிகாமணி காலை இட்லியை இன்னும் முடித்திருக்கவில்லை. அதற்குள் செருப்புச் சத்தம் தடதடவென்று படியேறி வந்தது. வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். கசங்கிய சட்டை, தூங்காத கண்கள். உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல் நின்றபடியே பேசினான்.

"என் பேரு சின்னச்சாமி. கூடலூர் ஏலக்காய் மண்டி ராக்கப்பன் மகன். எங்கய்யாவுக்கு யாரோ விஷம் வச்சிட்டாக சார். உசுரு ஆஸ்பத்திரியில ஊசலாடுது. பழி என் சம்சாரத்து மேல விழுந்திருச்சு. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவளைக் கூட்டிட்டுப் போயிருவாக."

ஞானசிகாமணி தட்டை ஒதுக்கிவிட்டுக் கை கழுவினார். போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்த மனிதர், எதற்கும் அவசரப்பட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவன்போல் பக்கத்து அறையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான் சண்முகராஜ். பெயருக்குத்தான் ஸ்டுடியோ. கல்யாணப் படம் எடுப்பதைவிடக் குற்றவாளியைப் பிடிப்பதில்தான் அவனுக்கு ருசி. விஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் ஞானசிகாமணி.

சின்னச்சாமி சொன்னான். அவன் மனைவி ஞானசெல்வி, போடி பஜாரில் கடை வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். வீட்டுக்குள் சேர்த்தார்களே தவிர, மருமகள் கையால் ராக்கப்பன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பேத்தி பிறந்த பிறகு கிழவர் மனம் இளகியது. நேற்று அந்தக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். போன வாரமே, "பிறந்தநாளன்னைக்கு மருமக கையால பாயசம் குடிக்கப் போறேன். மலைமேல இருக்கிற தோட்டத்துச் சாவியும் இனி அவளும் மகனுந்தான் வச்சுக்கணும்" என்று வீடறியச் சொல்லி, தோட்டத்துக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். நேற்று மத்தியானம் பாதிக் கிண்ணம் குடித்தார். மீதியை அப்புறம் குடிக்கிறேன் என்று மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் படுத்தார். சாயங்காலம் வாயில் நுரை தள்ளிக் கிடந்தார். ஏலத்தோட்டத்தில் பூச்சிக்கு அடிக்கிற மருந்து வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கூட்டம் கூடிருச்சு. மீதிப் பாயசத்தைத் திறந்து பாத்தா, மேல சிவப்பெறும்பு செத்துக் கிடக்கு. 'எறும்பு தின்னதும் செத்திருச்சு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்'னு அய்யாகூடப் பொறந்த அத்தை தலையில அடிச்சுக்கிட்டாக. ஊரே நம்பிருச்சு."

"நீங்க?"

"நான் நம்பியிருந்தா இங்கன ஏன் சார் வாரேன்?"

சின்னச்சாமி கொண்டுவந்திருந்த காரில் மூவரும் ஏறினார்கள். கம்பத்தைத் தாண்டும்போது தூறல் பிடித்தது. திராட்சைப் பந்தல்களுக்கு மேலே மலை தெரியவில்லை. வழியெல்லாம் சண்முகராஜ் ஒரு தீர்ப்புக்கு இரண்டு தீர்ப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஞானசிகாமணி ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கூடலூர் வீடு, தளம் போட்ட புது வீடு. மண்டிக்கு வரும் லாரி திரும்புவதற்காகச் சுற்றிலும் இருந்த மரங்களை வெட்டி, வாசலிலிருந்து கொல்லை வரை சிமெண்டு பூசியிருந்தார்கள். ஒரு முருங்கைகூட மிச்சமில்லை. வாசலில் தோட்டத்து ஜீப் நின்றது. அதன் மூக்கின்மேல் யாரோ வைத்துவிட்டுப் போன வாழைப்பழத் தோலைத் தேடிச் சின்னச் சின்னக் கறுப்பு எறும்புகள் தலை கால் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. டிரைவர் பொன்னுராஜ் அவற்றை ஈரத்துணியால் ஒரே இழுப்பாய் நசுக்கித் துடைத்துவிட்டு இவர்களுக்கு வணக்கம் வைத்தான்.

உள்ளேயிருந்து ராக்கப்பனின் தம்பி ராக்கையா வந்தார். மலைத் தோட்டத்தை இருபது வருஷமாகக் கட்டிக் காப்பவர் அவர்தான். நெற்றி நிறைய விபூதி, அட்டைக்கடித் தழும்பு ஏறிய கால்கள், அழுது சிவந்த கண்கள்.

"வாங்க. அண்ணனை இந்தக் கதியில பாக்கணும்னு எனக்கு எழுதியிருக்கு. நேத்துக் காலையிலதான் பேத்தி விசேஷத்துக்குன்னு பொன்னுராஜ் ஜீப்புல இறங்கி வந்தேன்" என்றார். அவர் முழங்கையில் ஒரு கறுப்பு எறும்பு ஊர்ந்தது. ராக்கையா கையை உயர்த்தி, அதற்கு நோகாமல் வாயால் ஊதிவிட்டார். அது தரையில் விழுந்து ஓடும்வரை பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார்.

கூடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் சங்கிலி உட்கார்ந்திருந்தார். ஞானசிகாமணியைப் பழைய நாளிலிருந்தே தெரிந்தவர்.

"பாருங்க சார், நான் தடுக்கல. ஆனா ஆஸ்பத்திரியில பெரியவருக்கு இன்னும் நினைவு திரும்பல. ஏதாவது ஆச்சுன்னா இது கொலைக் கேசு. அந்தப் பொண்ணை விட்டு வச்சேன்னு என்னையத்தான் கேப்பாக."

ஞானசெல்வி அடுக்களை வாசல்படியில், மடியில் குழந்தையோடு இருந்தாள். அழுது முடித்த முகம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"பாயசம் குடிச்சுட்டு மாமா ஏதாச்சும் சொன்னாகளாம்மா?"

"'நல்லாருக்கு ஆத்தா'ன்னாக. என்னைய ஆத்தான்னு கூப்பிட்டது அதுதான் முதத் தடவை சார்." அவள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நான் ஜெயிலுக்குப் போனாப் போறேன். இவ இன்னும் பால்குடி மறக்கல. அதை மட்டும் நினைச்சுப் பாருங்க."

சண்முகராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞானசிகாமணி அதே குரலில் அடுத்த கேள்வியைக் கேட்டார். "அப்புறம் வேற எதுவும் குடிச்சாகளா?"

"தூங்கி எந்திரிச்சதும் சுக்குக் காப்பி குடிப்பாக. கருப்பட்டி போட்டு அத்தை காய்ச்சி, செம்புல ஊத்திக் கட்டிலுக்கிட்ட சன்னல்ல வச்சிருவாக."

ராக்கப்பனின் அக்கா கஸ்தூரியம்மாள் உள்ளேயிருந்தே சீறினார். "ஆமா, வச்சேன். தினமுந்தான் வைக்கிறேன். நேத்து வரைக்கும் ஒண்ணும் ஆகலையே! இவ கையால ஒரு நாள் குடிச்சான், விழுந்துட்டான். கறுப்பெறும்பு பிள்ளையார் எறும்புன்னுகூடப் பாக்காம சுடுதண்ணி ஊத்திக் கொல்றவ இவ. இந்த வீட்டுல நாங்க யாரும் அதைக் கை நகத்தாலகூடத் தீண்ட மாட்டோம். கேளுங்க, இந்தா நிக்கிற என் தம்பியை!"

"அந்தச் செம்பு எங்கம்மா?"

"கழுவிக் கவுத்திக் கிடக்கு. இவதான் கழுவியிருப்பா."

"நான் கழுவல அத்தை. நீங்கதான் கழுவினீகன்னு நினைச்சேன்."

"வந்தவுக போனவுக யாராச்சும் கழுவியிருப்பாக, விடுங்க" என்றார் ராக்கையா.

சங்கிலி அலமாரியைத் திறந்தார். நேற்று இரவு கிண்ணத்தைத் துணியால் மூடிக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்திருந்தார். அரக்கு அப்படியே இருந்தது. ஆனால் போலீஸ் முத்திரைக்கு மனிதன் அடங்கலாம், எறும்பு அடங்குமா? அலமாரி இடுக்கிலிருந்து கறுப்பு எறும்புகள் ஒரு வரிசையாக வந்து, துணியின் மடிப்புக்குள் புகுந்து, இன்னொரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

சங்கிலி முத்திரையை உடைத்தார். பாயசம் ஆடை படிந்து கிடந்தது. ஆடையின் நட்டநடுவில், ஒரு கை அள்ளிப் போட்டதுபோல், செத்த சிவப்பெறும்புகள். ஓரத்திலோ, கிண்ணத்தின் வெளிப்புறத்திலோ, அலமாரிப் பலகையிலோ ஒரு சிவப்பெறும்பும் இல்லை. செத்தவற்றைச் சுற்றி உயிருள்ள கறுப்பு எறும்புகள் பாயசத்தை மொய்த்துக்கொண்டிருந்தன. ஒன்று சேமியாத் துணுக்கை இழுத்துக்கொண்டு வெளியேறியது.

"சார்!" சண்முகராஜ் கத்தியேவிட்டான். "சிவப்பு செத்துருச்சு, கறுப்பு உசுரோட திங்குது! கறுப்புக்கு விஷம் ஏறாதோ?"

"அவசரப்படாத. உன் லென்ஸைக் கொடு."

நெகட்டிவ் பார்க்கும் லென்ஸ் அது. ஞானசிகாமணி செத்த எறும்பு ஒன்றைக் குண்டூசி முனையால் வெள்ளைத் தாளில் எடுத்து வைத்தார். ஊசி பட்டதும் அதன் கால் பொடியாக ஒடிந்தது. நெடுநேரம் பார்த்தார். பிறகு, "சண்முகம், எதிர்த்த டீக்கடையில சர்க்கரை டப்பா பக்கம் சிவப்பெறும்பு இருக்கும். ரெண்டு பிடிச்சுக்கிட்டு வா" என்றார்.

தீப்பெட்டியில் இரண்டையும், விரலில் நான்கு கடியையும் வாங்கிக்கொண்டு சண்முகராஜ் திரும்பினான். "சிவப்பெறும்புன்னா சிவப்பெறும்புதான சார், இதுல என்ன இருக்கு?" என்று விரலை ஊதினான்.

"நீயே பாரு. பாத்ததைச் சொல்லு."

சண்முகராஜ் குனிந்தான். "டீக்கடை எறும்புக்கு இடுப்புல ரெண்டு முடிச்சு. வயிறு முட்டை மாதிரி. முதுகு மழமழன்னு இருக்கு. கிண்ணத்து எறும்புக்கும் ரெண்டு முடிச்சுதான்... இல்ல இல்ல, வயிறு வேற மாதிரி. வெத்தலை மாதிரி, மேல அகலமா, நுனி கூரா. இடுப்போட மேல்பக்கமா ஒட்டியிருக்கு. முதுகு முடியற இடத்துல ரெண்டு முள்ளு!"

"இப்பக் கறுப்பு எறும்பைப் பாரு."

"ஒரே முடிச்சு. காலும் மீசையும் உடம்புக்கு மீறின நீளம்."

"அப்ப மூணும் மூணு இனம். ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு ஞானசிகாமணி கொல்லைப்புறம் நடந்தார். அங்கே பாத்திரம் கழுவும் அங்கணம். பக்கத்தில் ஒரு செம்பு கவிழ்ந்து கிடந்தது.

"வீட்டுல எள்ளைக் கொட்டி வச்சிருக்காக பாருங்க, கூட்டிப் பெருக்க ஆளில்ல" என்றான் சண்முகராஜ். அங்கணத்துச் சுவரோரம், தண்ணீர் போகும் துவாரத்துக்கு முன்னால், கருகருவென்று ஏதோ சிதறிக் கிடந்தது. ஞானசிகாமணி அங்கே குந்தி உட்கார்ந்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. எழுந்தபோது அவர் கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"பொன்னுராஜ், மேல தோட்டத்துல எறும்புக்கூடு உண்டா? தரையில இல்ல, மரத்துல?"

"உண்டு சார். பலா மரத்துக் கிளையில, பழுப்புக் காகிதத்தை மென்னு துப்புன மாதிரி உருண்டை உருண்டையா கட்டியிருக்கும். கிளையை ஆட்டினா வயித்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வரும் பாருங்க. கீழ நம்ம ஊருப்பக்கம் நான் பாத்ததில்ல."

"இந்த வீட்டுல இருந்து மேல போய் வாரவுக யாரு?"

"நானும் ராக்கையா முதலாளியுந்தான். சின்னவரு மண்டியை விட்டு நகர மாட்டாரு. பொம்பளையாளுக யாரும் ஏறினதில்ல."

அந்த நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். பெரியவருக்கு மூச்சு இன்னும் மோசம் என்றான். சங்கிலி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "இனிமே என்னால காத்திருக்க முடியாது சார். அம்மா, குழந்தையைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க."

குழந்தையை வாங்கக் கஸ்தூரியம்மாள் கை நீட்டினார். குழந்தை தாயின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. கஸ்தூரியம்மாள் அந்தப் பிடியை விடுவித்து வாங்கிக்கொண்டார். சின்னச்சாமி சுவரில் சாய்ந்தான்.

"சங்கிலி, கூட்டிட்டுப் போக வேண்டிய ஆளைக் காட்டுறேன். எல்லாரும் கூடத்துக்கு வாங்க" என்றார் ஞானசிகாமணி.

எல்லோரும் வந்தார்கள். ராக்கையா தூணோரம் நின்றார், பொன்னுராஜ் வாசல்படியில் நின்றான். யாரும் உட்காரவில்லை. ஞானசிகாமணி கிண்ணத்தை நடுவில் வைத்தார்.

"ராத்திரி முழுக்க இந்தக் கறுப்பு எறும்பு இதே பாயசத்தைத் தின்னுருக்கு. ஒண்ணுகூடச் சாகல. அப்ப இதுல விஷம் இல்ல. மெட்ராசு லேபுக்கு அனுப்பிப் பாருங்க, அவுகளும் அதைத்தான் சொல்லுவாக."

"அப்ப சிவப்பு எப்படிச் செத்துச்சு?" என்றார் சங்கிலி.

"அது இங்கன சாகவே இல்ல. தானா வந்த எறும்புன்னா வரிசையா வரும். வழியில நாலு சாகும், ஓரத்துல நாலு சாகும். இது நடு ஆடையில மட்டும் குவிஞ்சு கிடக்கு. தொட்டா கால் ஒடியுது. என்னைக்கோ செத்துக் காஞ்சது. அதைவிட முக்கியம், இது வீட்டெறும்பே இல்ல. வெத்தலை மாதிரி வயிறு, முதுகுல ரெண்டு முள்ளு. மலைமேல பலா மரத்துல கூடு கட்டுற எறும்பு. சுத்தி ஒரு மரமில்லாத இந்தச் சிமெண்டு வீட்டுக்கு அது நடந்து வரல. யாரோ கொண்டுவந்து, பெரியவர் விழுந்த களேபரத்துல கிண்ணத்துல தூவியிருக்காக. பழி மருமக மேல விழணும்னு."

பொன்னுராஜின் முகம் வெளுத்தது. "சார், மேல போய் வாரது நானும்..."

"நீயும் அவருந்தான். ரெண்டு பேருல ஒருத்தர். அதைப் பிரிக்கத்தான் எனக்கு இவ்வளவு நேரம்." ஞானசிகாமணி குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஒண்ணு விளங்கல. செத்த எறும்பு வேணும்னா இந்த வீட்டுலயே கறுப்பெறும்பு லட்சம் இருக்கு. ஒரு பிடி பிடிச்சு நசுக்கிப் போட்டிருந்தா எனக்கும் சந்தேகம் வந்திருக்காது. அதை விட்டுட்டு எதுக்கு மலையில இருந்து சுமக்கணும்? கறுப்பெறும்பைக் கொல்லக் கை வராத ஆளுதான் அப்படிச் செய்யும். பொன்னுராஜ் காலையில ஜீப்பு மேல ஒரு கூட்டத்தையே துடைச்சு எறிஞ்சான், நான் பாத்தேன். கஸ்தூரியம்மா தொட மாட்டாக, ஆனா அவுக மலை ஏறினதில்ல. மலைக்கும் போகணும், பிள்ளையார் எறும்புக்கும் பயப்படணும். அப்படி இந்த வீட்டுல ஒருத்தர்தான் இருக்காரு."

எல்லோர் பார்வையும் தூணோரம் போயிற்று.

"நல்லாருக்குய்யா உங்க கணக்கு!" ராக்கையா சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. "எறும்பை ஊதி விட்டவன் கொலைகாரனா? சாமிக்குப் பயந்தவன் சொந்த அண்ணனுக்கு விஷம் வைப்பானா? எங்க வச்சேன், எதுல வச்சேன், சொல்லுங்க!"

"சுக்குக் காப்பியில. சுக்கும் கருப்பட்டியும் எந்த வாடையையும் மறைச்சிரும். அண்ணன் குடிச்சது போக மிச்சத்தை அங்கணத்துல ஊத்திச் செம்பைக் கழுவிக் கவுத்திட்டீக. மனுசக் கண்ணுக்கு மறைச்சாச்சு. ஆனா கருப்பட்டி ஓடின இடத்தை எறும்பு மோப்பம் பிடிக்காம விடுமா?"

ஞானசிகாமணி சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். ராக்கையாவின் காலடியில் வைத்துப் பிரித்தார்.

எள் மாதிரித்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நீண்ட கால்கள், நீண்ட மீசை, இடுப்பில் ஒரே முடிச்சு. கால்களைச் சுருட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தன பிள்ளையார் எறும்புகள்.

"உங்க கணக்குல இது இல்ல" என்றார் ஞானசிகாமணி.

ராக்கையா காகிதத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கரைந்தது. "பிள்ளையாரப்பா" என்றார் மெல்ல. அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே எழுந்தன. நெற்றிப்பொட்டில் விரல் முட்டியால் குட்டிக்கொண்டார். பிறகு கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செத்த எறும்புகளுக்கு முன்னால் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கு உறைத்தபோது எல்லோரும் அதைப் பார்த்து முடித்திருந்தார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருபது வருஷம்... காட்டை வெட்டி, அட்டைக்கு ரத்தம் கொடுத்து வளத்த தோட்டம். ஒரு கிண்ணம் பாயசத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

சங்கிலி அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். கஸ்தூரியம்மாள் மெதுவாகத் தம்பியின் எதிரே வந்து நின்றார். அறைவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அறையவில்லை.

"ஏலே, நேத்துல இருந்து அண்ணனுக்காக அழுதியே. அது நடிப்பு. இந்த எறும்புக்குப் போட்ட பாரு தோப்புக்கரணம், அது நெசம்." திரும்பி ஞானசெல்வியைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத பொம்பளை. கையிலிருந்த குழந்தையைத் தாயிடம் நீட்டினார், அவ்வளவுதான்.

ஜீப்பில் ராக்கையாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். சண்முகராஜ் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அவன் காமிரா வாங்கிய நாளிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

காரில் ஏறப்போகும்போது ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஆள் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். ஜாடையிலேயே பாதியைச் சொல்லிவிட்டான். மூச்சு சீராகிவிட்டதாம். பெரியவர் கண்ணைத் திறந்தாராம். உங்க பேரு என்னன்னு டாக்டர் கேட்டதற்குப் பெயர் சொல்லவில்லையாம்.

"பின்ன என்னடா சொன்னாக?" சின்னச்சாமி அவனை உலுக்கினான்.

"'மருமக மூடி வச்ச மீதிப் பாயசம் எங்க'ன்னு கேட்டாக."

ஞானசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். பழைய பாயசம் போலீஸுக்குப் போய்விட்டது. புதிதாக வைக்க வேண்டும். கொதித்த தண்ணீரை இறக்கி வைக்கத் திரும்பியவள் நின்றாள். அடுப்பு மேடையின் குறுக்கே கறுப்பு எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சுடுதண்ணீர்ச் சட்டியைக் கையில் பிடித்தபடி, கடைசி எறும்பு கடந்து போகும்வரை அவள் காத்து நின்றாள்.